புகைத்தலைக் கைவிடுதற்கு வைத்தியத் துணை: ஒரு வரலாற்று நோக்கு

1950 ஆம் ஆண்டிலே றிச்சாட் டொல், பிரட்போட் ஹில் ஆகிய இருவரும் இலண்டன் வைத்தியசாலைகளின் நோயாளரை ஆராய்ந்து, புகைத்தலுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். 1962 இல் இலண்டன் அரச வைத்தியர் கல்லூரியும் தன் அறிக்கை வாயிலாக இதனை வலியுறுத்தியது. புகைத்தலின் தீங்கு இவ்வாறு நிறுவப்பட்டபோதும், புகைக்கும் நோயாளரை அப்பழக்கத்தினின்று மீட்பதற்கு வைத்தியர் செய்யக்கூடியது யாது என்ற வினா எஞ்சி நின்றது.

இவ்வினாவுக்கு விடை காண்பதிலே ஓர் இடர்ப்பாடு இருந்தது. புகைப்போருள் ஒரு சிலர் எவர் துணையுமின்றித் தாமாகவே அப்பழக்கத்தை விடுவதுண்டு. அவர்களையும் வைத்தியத்தின் வெற்றியாக எண்ணிவிட்டால் உண்மை மறைந்துவிடும். எனவே, துணைபெற்ற நோயாளரை வழமையான பராமரிப்பை மட்டும் பெற்ற நோயாளரோடு ஒப்பிடுதல் இன்றியமையாததாயிற்று.

இத்தகைய ஒப்பீடுகளுள் மைக்கேல் றசலும் அவர்தம் குழுவினரும் 1979 இல் வெளியிட்ட இலண்டன் ஆய்வு குறிப்பிடத்தக்கது. 28 குடும்ப வைத்தியரிடம் வந்த 2,138 புகைப்போர் நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டனர். முதற் பிரிவினர் பின்னர் விசாரிக்கப்பட்டதன்றி வேறெதுவும் பெறவில்லை. இரண்டாம் பிரிவினர் வினாக்கொத்தொன்றை நிரப்பினர். மூன்றாம் பிரிவினருக்கு வைத்தியர் ஓரிரு நிமிடம் அறிவுரை கூறினார். நான்காம் பிரிவினர் அறிவுரையோடு துண்டுப்பிரசுரமும், மீண்டும் விசாரிக்கப்படுவர் என்ற அறிவித்தலும் பெற்றனர். ஓராண்டு கடந்தும் புகையாதிருந்தோர் முறையே 0.3, 1.6, 3.3, 5.1 வீதத்தினராவர். நான்காம் பிரிவிலும் மிகப் பெரும்பாலோர் பழக்கத்தை விட்டிலர். எனினும், பிரித்தானியாவின் குடும்ப வைத்தியர் யாவரும் இம்முறையைக் கைக்கொள்வராயின் ஆண்டுதோறும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் புகைத்தலைக் கைவிடுவர் என ஆய்வாளர் கணித்தனர்.

அறிவுரையினும் மிக்க துணை அளிக்கப்படின் பயன் எத்துணையாகும்? ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 1986 இல் தொடங்கப்பெற்ற சுவாசப்பை நல ஆய்வு இதற்கு விடை தந்தது. சுவாசப்பாதை அடைப்பு முற்றாத நிலையிலிருந்த, 35 முதல் 60 வயது வரையான 5,887 புகைப்போர் எழுமாற்றாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு சாராருக்கு வைத்தியரின் உறுதியான அறிவுரை, பத்து வாரங்களிற் பன்னிரு குழுக்கூட்டங்கள், நிக்கொற்றின் மெல்லுபசை ஆகியன வழங்கப்பட்டன. ஏனையோர் வழமையான பராமரிப்பிலே விடப்பட்டனர். ஐந்தாண்டுகளும் இடையறாது புகையாதிருந்தோர் துணைபெற்றோருள் 21.7 வீதமாகவும் ஏனையோருள் 5.4 வீதமாகவும் காணப்பட்டனர். ஏறத்தாழப் பதினான்கரை ஆண்டுகால இறப்பு விபரம் 2005 இல் வெளிவந்தது. ஆண்டொன்றுக்கு ஆயிரவருள் இறந்தோர் தொகை துணைபெற்றோரிடையே 8.83 ஆகவும் ஏனையோரிடையே 10.38 ஆகவும் இருந்தது.

துணைபெற்றோருள் ஐவரில் ஏறத்தாழ நால்வர் புகைத்தலை நிலையாகக் கைவிடவில்லை. அவர்களையும் உள்ளடக்கி எண்ணிய பின்னரே இவ்வேறுபாடு பெறப்பட்டது என்பது ஊன்றி நோக்கற்பாலது. பலர் தோற்பரெனக் கருதி வைத்தியர் வாளாவிருப்பாராயின், அதனால் இழக்கப்படும் உயிர்களின் கணக்கையே வழமையான பராமரிப்புப் பெற்றோரின் இறப்பு வீதம் காட்டி நிற்கின்றது.