மாதக் கார்த்திகை விரதம்: விளக்கு விழாவிலிருந்து நோன்பு நாள்வரை

ஆய்வுச் சுருக்கம்

முருகனை வழிபடுவோர் கார்த்திகை விண்மீன் வரும் நாள்தோறும் மேற்கொள்ளும் நோன்பு மாதக் கார்த்திகை விரதம் எனப்படுகிறது. சங்க இலக்கியம் கூறும் கார்த்திகை விளக்கீட்டின் நேரடித் தொடர்ச்சியாக இதனைக் கொள்ளும் கருத்துப் பரவலாக உள்ளது. இலக்கியச் சான்றுகளைக் கால வரிசையில் வைத்து நோக்கும்போது, விளக்கு விழாவும் திங்கள் நோன்பும் வெவ்வேறு மரபுகளில் வளர்ந்து பின்னரே இணைந்தன என்பது தெரியவருகிறது. அவ்விணைப்பு நிகழ்ந்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கார்த்திகை, நோன்பு, விளக்கீடு, கந்தபுராணம், ஆறுமுக நாவலர், நாள்மீன்

முன்னுரை

தமிழ்ச் சைவர் கைக்கொள்ளும் விரதங்கள் கிழமை, திதி, நாள்மீன் என்னும் மூன்று அளவைகளுள் ஒன்றைச் சார்ந்தே அமைகின்றன. முருகனுக்குரிய விரதங்களில் இம்மூன்றும் இடம்பெறுவது குறிப்பிடத்தக்கது. வெள்ளிக்கிழமை விரதம் கிழமையையும், சட்டி விரதம் திதியையும், கார்த்திகை விரதம் நாள்மீனையும் அடிப்படையாகக் கொண்டவை. இவற்றுள் கார்த்திகைக்கு மட்டுமே சங்க காலம் முதலான இலக்கியப் பின்புலம் உண்டு. அதனாலேயே இவ்விரதத்தின் தொன்மை பற்றிய கூற்றுகள் பல நேரங்களில் சான்றின் எல்லையைக் கடந்துவிடுகின்றன. விழா தொன்மையானது என்பதால் விரதமும் அத்துணைத் தொன்மையானது எனக் கொள்ள இயலுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

சங்க இலக்கியத்தில் கார்த்திகை

அகநானூற்றின் 141ஆம் பாடலில் நக்கீரர், நிறைமதி ஆறு மீன்களோடு சேரும் நள்ளிரவில் தெருக்களில் விளக்கேற்றி மாலை தூக்கிப் பலரும் கூடிக் கொண்டாடும் விழாவைக் காட்டுகிறார். நற்றிணையின் 202ஆம் பாடல், கோங்க மலர்களின் தோற்றத்தைக் கார்த்திகை விளக்கு வரிசைக்கு ஒப்பிடுவதுடன், அத்திங்களை அறம் செய்தற்குரிய காலமாகவும் குறிக்கிறது. கார் நாற்பதும் களவழி நாற்பதும் இவ்விளக்குகளை உவமையாக ஆள்கின்றன. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய மயிலாப்பூர்ப் பூம்பாவைப் பதிகமும் கார்த்திகை விளக்கீட்டை ஊர்த் திருவிழாக்களின் வரிசையில் வைக்கிறது.

இச்சான்றுகள் அனைத்திற்கும் பொதுவான கூறுகள் மூன்று. விழா ஆண்டுக்கு ஒருமுறை வருவது. ஊரார் கூடிக் கொண்டாடுவது. விளக்கேற்றுதலை மையமாகக் கொண்டது. உண்ணாமை பற்றியோ, திங்கள்தோறும் மீண்டும் மேற்கொள்ளும் ஒழுக்கம் பற்றியோ இவற்றில் குறிப்பில்லை. மேலும், இப்பாடல்களில் விழா முருகனோடு வெளிப்படையாக இணைக்கப்படவும் இல்லை.

முருகனுக்கும் ஆறு மீன்களுக்கும் உள்ள உறவு வேறொரு வழியில் வருகிறது. பரிபாடலின் 5ஆம் பாடல், எழுமுனிவரின் மனைவியருள் அருந்ததி நீங்கலான அறுவர் முருகனைப் பயந்த கதையை விரிவாகக் கூறுகிறது. கதை அங்கு முழுமையாக இருக்கிறது. ஆயினும் அதனையொட்டிய நோன்பு கூறப்படவில்லை. ஆகவே விழா, தொன்மக் கதை ஆகிய இரண்டும் பழைய நூல்களில் உள்ளன. மூன்றாவதான விரதம் இல்லை.

நோன்பு என்னும் கருத்தாக்கம்

நோன்பு என்னும் சொல் 'நோல்' என்னும் வினையடியாகப் பிறந்தது. பொறுத்தல், தாங்குதல் என்பன அதன் அடிப்படைப் பொருள்கள். திருக்குறளின் தவம் அதிகாரம் இப்பொருளிலேயே நோற்றலை விளக்குகிறது. திருமுருகாற்றுப்படையில் திருவாவினன்குடிப் பகுதியில் வரும் முனிவர்கள் பல நாள் உண்ணாது கழித்தவர்களாகக் காட்டப்படுகின்றனர். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றுக் கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்ததைப் பதிவு செய்கிறது. இவ்விடங்களில் உண்ணாமை துறவியின் ஒழுக்கமாக இருக்கிறது.

இல்லறத்தாரின், குறிப்பாகக் கன்னியரின், நோன்பு வேறுவகையானது. பரிபாடல் கூறும் தைந்நீராடலும், ஆண்டாளின் திருப்பாவை காட்டும் மார்கழி நோன்பும் பருவத்தைச் சார்ந்தவை. திருப்பாவையில் நெய்யும் பாலும் விலக்கப்படுகின்றனவேயன்றி உணவு முற்றிலும் துறக்கப்படவில்லை. துறவியின் நோன்பு வாழ்வு முழுவதையும் தழுவியது. கன்னியரின் நோன்பு ஆண்டில் ஒரு பருவத்தைத் தழுவியது. திங்கள்தோறும் குறித்த நாளில் இல்லறத்தார் உண்ணாதிருத்தல் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மூன்றாம் வகை. இத்தகைய சுழற்சி நோன்பைப் பௌத்தரும் சமணரும் பிறைநாள்களை ஒட்டி இல்லறத்தார்க்கு வகுத்திருந்தனர். வைணவத்தில் ஏகாதசி அவ்வகையினது. முருக வழிபாட்டில் இம்மூன்றாம் வகைக்குத் தெளிவான வடிவம் தருவது கந்தபுராணமே.

கந்தபுராணம் தரும் விளக்கம்

காஞ்சிபுரம் கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணம் இவ்விரதத்தை இரண்டு இடங்களில் பேசுகிறது. முதலாவது, உற்பத்தி காண்டத்துச் சரவணப் படலம். குழந்தையைப் பாலூட்டி வளர்த்த கார்த்திகைப் பெண்களை நோக்கி, இவன் உங்கள் மகன் என்னும் பெயர் பெறுவான் என்றும், உங்களுக்குரிய நாளில் இவனை வழிபடுவோரின் குறைகளைத் தீர்ப்போம் என்றும் சிவபெருமான் அருளுகிறார்.

இரண்டாவது, தக்க காண்டத்துக் கந்த விரதப் படலம். இங்கு வசிட்டர் முசுகுந்தனுக்கு மூன்று விரதங்களை உரைக்கிறார். கார்த்திகை விரதத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் நோற்ற நாரதர், எழுமுனிவரினும் மேலான நிலையை அடைந்தார் என்பது அங்குள்ள கதை. முதல்நாள் பரணியில் ஒருபொழுது உண்டு, கார்த்திகையில் உண்ணாதிருந்து இரவில் விழித்து, மறுநாள் உரோகிணியில் பாரணம் செய்தல் என மூன்று நாள்மீன்களில் விரத ஒழுங்கு பரந்து நிற்கிறது.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, கார்த்திகை முருகனின் பிறந்தநாள்மீனாகப் போற்றப்படுவதன்று. அச்சிறப்பு வைகாசி விசாகத்திற்கு உரியது. கார்த்திகை, வளர்த்த தாயரின் நாள். பெற்ற நாளைவிட வளர்த்தோரின் நாள் திங்கள்தோறும் நினைக்கப்படுவது இவ்விரதத்தின் தனித்தன்மை. மற்றொன்று, பரிபாடல் கதையில் எழுமுனிவரின் மனைவியரே அத்தாயர். அவர்களது நாளில் நோற்றவர் எழுமுனிவரையும் விஞ்சினார் என்னும் நாரதர் கதை, அப்பழைய தொன்மத்தின் எதிரொலியாக அமையக்கூடும். தமிழ்க் கந்தபுராணத்தில் அப்பெண்கள் விண்மீன் மகளிராகவே சுட்டப்படுவதால், இவ்வுறவை உறுதியாகவன்றிக் கருதுகோளாகவே முன்வைக்கலாம்.

'மாதம்' என்னும் சொல்லும் வானியல் அளவும்

நிலவு ஒரு நாள்மீனிலிருந்து புறப்பட்டு மீண்டும் அதனை அடைய ஏறத்தாழ 27.32 நாள்கள் ஆகின்றன. முழுமதியிலிருந்து அடுத்த முழுமதிக்கு 29.53 நாள்கள். தமிழ்ச் சூரிய மாதங்களோ 29 முதல் 32 நாள்கள் வரை கொண்டவை. எனவே ஓர் ஆண்டில் கார்த்திகை 13 அல்லது 14 முறை வருகிறது. சில மாதங்களில் இருமுறை அமைகிறது. பன்னிரண்டு ஆண்டு விரதம் என்பது 144 நாள்கள் அன்று, ஏறத்தாழ 160 நாள்கள்.

இவ்வளவீட்டின் மற்றொரு விளைவு பிறைநிலை மாறுவதாகும். ஒவ்வொரு சுற்றிலும் நிலவு ஏறத்தாழ இரண்டு நாள் குறைந்த நிலையில் கார்த்திகையை அடைகிறது. கார்த்திகைத் திங்களில் முழுமதியை ஒட்டி வரும் இந்நாள், தையில் வளர்பிறையிலும், சித்திரை வைகாசியில் அமாவாசையை ஒட்டியும், ஆடியில் தேய்பிறையிலும் வருகிறது. நக்கீரர் காட்டிய நிறைமதியும் ஆறு மீனும் சேரும் காட்சி ஆண்டில் ஒருமுறையே வாய்க்கும். திங்கள் விரதம் அந்நிறைமதியைக் கைவிட்டு, மீனை மட்டும் பற்றிக்கொண்டது. விழா மதியும் மீனும் கூடும் நேரத்தைச் சார்ந்தது. விரதம் மீனின் மீள்வரவைச் சார்ந்தது. இரண்டும் ஒன்றன்று என்பதற்கு இது புறச்சான்றாகிறது.

நாள்மீனைத் திங்கள்தோறும் கொண்டாடும் வழக்கம் கோயில்களில் முன்னரே இருந்தது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் முதலாம் இராசராசனின் பிறந்தநாள்மீனாகிய சதயத்தில் திங்கள்தோறும் விழா எடுக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. கோயிலில் விழாவாக நின்ற இச்சுழற்சி, புராண விரதத்தில் தனிமனித ஒழுக்கமாக வடிவம் பெற்றது எனலாம்.

நாவலரின் வரையறை

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) தம் சைவ வினாவிடையில் இவ்விரதத்தைச் சுருக்கமாக வரையறுத்தார். கார்த்திகை மாதத்துக் கார்த்திகையில் தொடங்கி, அந்நாள்மீன் வரும்போதெல்லாம் பன்னிரண்டு ஆண்டு நோற்க வேண்டும் என்பதும், முழு உபவாசம் சிறந்தது, இயலாதவர் இரவில் பழம் முதலியன உண்ணலாம் என்பதும் அவர் கூறும் விதிகள்.

இவ்வரையறையில் இரண்டு மரபுகளும் சந்திக்கின்றன. ஆண்டு விழா நாள் விரதத்தின் தொடக்கமாகிறது. புராண ஒழுங்கு அதன் தொடர்ச்சியாகிறது. இயலாதவர்க்குத் தளர்வு தந்ததன் வழியாக, முனிவர்க்குரிய உண்ணாமை உழைக்கும் இல்லறத்தார்க்கும் எட்டுவதாயிற்று. வினாவிடை வடிவில் பாடநூலாகப் பயிலப்பட்டதும், கோயில்களில் கந்தபுராண படனம் நிகழ்ந்ததும் இவ்விரதம் ஈழத்தில் வேரூன்றத் துணைபுரிந்தன. தமிழகத்தில் திருத்தணியின் ஆடிக் கிருத்திகை, திங்கள் நாள்களுள் ஒன்று மீண்டும் பெருவிழாவாக வளர்ந்ததற்குச் சான்று.

முடிவுரை

சங்க நூல்கள் தருவது ஆண்டு விளக்கு விழா. பரிபாடல் தருவது அறுவர் கதை. கந்தபுராணம் தருவது திங்கள் நோன்பு. நாவலர் தருவது இவற்றை இணைக்கும் நடைமுறை விதி. மாதக் கார்த்திகை விரதத்தைச் சங்க கால வழக்கம் என உரைப்பது இப்படிநிலை வளர்ச்சியை மறைத்துவிடும். தொன்மையை மிகைப்படுத்தாமலேயே இவ்விரதத்தின் சிறப்பை உணர முடியும். ஊரார் தெருவில் ஏற்றிய விளக்கு, வளர்த்த தாயரின் நினைவைத் தாங்கிய தனிமனித நோன்பாக மாறிய வரலாறு அதனுள் பொதிந்துள்ளது. சட்டி, பிரதோடம் முதலான பிற விரதங்களையும் இவ்வாறு விழா, கதை, விதி என்னும் அடுக்குகளாகப் பிரித்து ஆராய்வது தமிழ்ச் சமய வரலாற்றுக்குப் பயன் தரும்.