கன்னியாகுமரி கருமணலில் இருந்து வெள்ளை உப்பு... சீரியம் அசிட்டேட் உருவாவது எப்படி? கதிர்வீச்சு எங்கே போகிறது?

மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி பக்கம் கடற்கரையில் நடந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். அலை ஒதுக்கிவிட்டுப் போகும் மணலில் கறுப்பும் சிவப்புமாக வரி வரியாகத் தாது கிடக்கும். கறுப்பாக இருப்பது இல்மனைட், சிவப்பாக இருப்பது கார்னெட். இவற்றோடு கலந்து, மஞ்சள் பழுப்பு நிறத்தில் பொடியாகக் கிடப்பதுதான் மோனசைட். உலக நாடுகள் போட்டி போடும் அரிய மண் தனிமங்கள் இருப்பது இதற்குள்தான். ஊர்மக்களைப் பயமுறுத்தும் தோரியமும் இதற்குள்தான் இருக்கிறது.

‘அரிய மண் எடுத்தால் கதிர்வீச்சு வரும்’ என்கிறார்கள் சிலர். ‘அரிய மண்ணில் கதிர்வீச்சே இல்லை’ என்கிறார்கள் வேறு சிலர். இரண்டில் எது சரி? ஒரு சாதாரண உப்பின் கதையைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அந்த உப்பின் பெயர் சீரியம் அசிட்டேட்.

அசிட்டேட் என்றால் என்ன?

வினிகரில் புளிப்பு தருவது அசிட்டிக் அமிலம். குமரி மாவட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைக்க பார்மிக் அமிலம் ஊற்றுவார்கள் இல்லையா, அதன் நெருங்கிய சொந்தம்தான் இது. இந்த அமிலம் ஓர் உலோகத்தோடு சேர்ந்தால் கிடைக்கும் உப்புதான் அசிட்டேட்.

லாந்தனம், சீரியம், நியோடிமியம் போன்ற அரிய மண் உலோகங்கள் பெரும்பாலும் மூன்று எலக்ட்ரான்களை இழந்து சேர்மம் ஆகின்றன. அதனால் ஒரு சீரியத்துக்கு மூன்று அசிட்டேட் என்ற கணக்கில் இந்த உப்பு அமைகிறது. படிகத்துக்குள் கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்திருக்கும். சீரியம், லாந்தனம் அசிட்டேட்கள் வெள்ளை நிறம். நியோடிமியம் அசிட்டேட் இளம் ஊதாவாகவும், பிரசியோடிமியம் அசிட்டேட் பச்சையாகவும் இருக்கும்.

பெயரில் ‘அரிய’ என்று இருந்தாலும் சீரியம் அப்படியொன்றும் அரிதானது இல்லை. பூமியின் மேலோட்டில் ஈயத்தைவிட சீரியம் அதிகம். ஆனால், ஒரே குணமுள்ள பல தனிமங்கள் ஒட்டிக்கொண்டே இருப்பதால் அவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பதுதான் கஷ்டம்.

மணல் எப்படி உப்பாகிறது?

முதலில் மணலில் இருந்து மோனசைட்டைப் பிரிக்க வேண்டும். இதற்குக் காந்தமும் மின்சாரமும் போதும். இல்மனைட் மின்சாரத்தைக் கடத்தும், மோனசைட் கடத்தாது. சிர்கானைக் காந்தம் இழுக்காது, மோனசைட்டை லேசாக இழுக்கும். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலையில் நடப்பது இந்தப் பிரிப்பு வேலைதான்.

அடுத்ததுதான் வேதியியல். மோனசைட் என்பது அரிய மண் தனிமங்களும் தோரியமும் கலந்த பாஸ்பேட். இந்திய மோனசைட்டில் அரிய மண் ஆக்சைடுகள் 55 முதல் 60 சதவீதம், தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம், கூடவே சிறிதளவு யுரேனியமும் இருக்கும். இதைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் பாஸ்பேட் தனியாகக் கரைந்துபோகும். மிச்சமாகும் வண்டலில் அளவு பார்த்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ப்பார்கள். அரிய மண் தனிமங்கள் கரைந்து வெளியே வரும், தோரியம் கரையாமல் அடியிலேயே நின்றுவிடும்.

இங்கேதான் ஒரு சிக்கல். தோரியம் சிதையும்போது ரேடியமும் உருவாகிறது. அது தோரியத்தோடு நிற்காமல் கரைசலுக்குள் வந்துவிடும். அதனால் பேரியம் சேர்மத்தையும் சல்பேட்டையும் சேர்த்து, பேரியம் சல்பேட் படியும்போது ரேடியத்தையும் கூடவே இழுத்து வடிகட்டுவார்கள்.

இதற்குப் பிறகு சீரியத்தைத் தனியாகப் பிரித்து, கார்பனேட்டாக மாற்றி, அதன் மேல் அசிட்டிக் அமிலத்தை ஊற்றினால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் நுரைத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். கரைசலை வற்றவைத்தால் கிடைப்பதுதான் சீரியம் அசிட்டேட்.

இந்த உப்பால் என்ன பயன்?

உண்மையில் இந்த உப்பு ஒரு வண்டி மாதிரி. சீரியத்தைத் தண்ணீரில் கரைத்து, வேண்டிய இடத்தில் பூசுவதற்கு உதவும். பிறகு சில நூறு டிகிரிக்குச் சூடாக்கினால் அசிட்டேட் பகுதி எரிந்து வாயுவாகப் போய்விடும். சீரியம் ஆக்சைடு மட்டும் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். குளோரைடு உப்பைப் பயன்படுத்தினால் அரிக்கும் தன்மையுள்ள குளோரின் மிஞ்சலாம். நைட்ரேட் என்றால் நச்சான நைட்ரஜன் ஆக்சைடு புகை வரும். அசிட்டேட்டில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

வாகனப் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி மாற்றியில் சீரியம் ஆக்சைடுக்கு முக்கிய வேலை உண்டு. ஆக்சிஜன் அதிகமானால் பிடித்து வைத்துக்கொள்ளும், குறைந்தால் விட்டுக்கொடுக்கும். நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடாக மாற இது உதவுகிறது.

பெட்ரோமாக்ஸ் லைட்டும் மணவாளக்குறிச்சியும்

‘பூசு, சுடு, ஆக்சைடு மட்டும் மிஞ்சும்’ என்ற இதே உத்திதான் மணவாளக்குறிச்சியை உலக வரைபடத்தில் சேர்த்தது. 1909-ல், திருவிதாங்கூர் பகுதியில் இருந்து போன தென்னை நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். அதைத் தொடர்ந்துதான் மணவாளக்குறிச்சிக்கு ஆலை வந்தது.

அன்றைக்குக் கிராக்கி விளக்குத் திரிக்கு. பெட்ரோமாக்ஸ் லைட்டில் கட்டும் ‘மேண்டில்’ வலையைத் தோரியம், சீரியம் நைட்ரேட் கரைசலில் நனைப்பார்கள். பற்றவைத்ததும் துணி எரிந்து, 99 சதவீதம் தோரியம் ஆக்சைடும் 1 சதவீதம் சீரியம் ஆக்சைடும் கொண்ட சாம்பல் கூடு மிஞ்சும். பளீரென்று வெளிச்சம் தந்தது அதுதான்.

அன்று தேடியது தோரியத்தை. இன்று நிலைமை தலைகீழ். காந்தங்களுக்கும் மின்வாகனங்களுக்கும் வேண்டியது அரிய மண் தனிமங்கள். 2025 ஏப்ரலில் 7 அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்த பிறகு இந்தத் தேவை இன்னும் கூடிவிட்டது. தோரியம் எதிர்கால அணுமின் திட்டத்துக்காகச் சேமித்து வைக்கப்படுகிறது.

அப்படியானால் கதிர்வீச்சு?

சுத்தமான சீரியம் அசிட்டேட் பாட்டிலில் பயப்படும்படியான கதிர்வீச்சு கிடையாது. ஆனால் மணலில் இருந்த தோரியம் மாயமாகிவிடவில்லை. வடிகட்டிய வண்டலில்தான் இருக்கிறது. அது பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். வேதியியலால் கதிர்வீச்சை அழிக்க முடியாது, ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றத்தான் முடியும்.

ஆக, மேலே பார்த்த இரண்டு பேச்சும் பாதி உண்மைதான். கிள்ளியூர் தாலுகாவில் மிடாலம், இனயம்புத்தன்துறை, கொல்லங்கோடு உள்ளிட்ட பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்குக் கடலோர மக்கள் எதிர்ப்புத் தெரிவித்து வருகிறார்கள். கதிர்வீச்சுப் பயத்தோடு, மணல்மேடு போனால் கடல் ஊருக்குள் வந்துவிடுமோ என்ற கவலையும் அவர்களுக்கு இருக்கிறது.

எனவே, அரிய மண் திட்டம் எதுவானாலும் கேட்க வேண்டியது ‘கதிர்வீச்சு இருக்கா, இல்லையா’ என்ற கேள்வி மட்டும் அல்ல. மணலை எங்கே பிரிக்கிறார்கள்? தோரியமும் ரேடியமும் கலந்த வண்டல் எங்கே போகிறது? அதை யார் கண்காணிக்கிறார்கள், அளவெடுத்த கணக்கை ஊருக்குச் சொல்கிறார்களா? வெள்ளை உப்பின் கணக்கோடு, வண்டலின் கணக்கையும் சேர்த்துக் கேட்டால்தான் முழு விஷயமும் தெரியும்.