பாட்டு முதல் கணினி வரை: எம்மைப் பற்றிய ஆய்வுகளும் எமக்குள்ள உரிமையும்

வடக்கு கிழக்கில் போரால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு ஆய்வாளர்கள் புதியவர்கள் அல்லர். பல்கலைக்கழக மாணவர்கள், வெளிநாட்டுப் பேராசிரியர்கள், தொண்டு நிறுவனங்களின் தரவு சேகரிப்பாளர்கள் எனப் பலர் படிவங்களோடு வந்து போகிறார்கள். கதை சொன்ன தாய்க்கோ தந்தைக்கோ அந்த ஆய்வு பின்னர் என்னவாயிற்று என்று தெரிவதில்லை. பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பணம் கட்டி வாசிக்க வேண்டிய சஞ்சிகைகளில் வெளிவருகின்றன. எங்களைப் பற்றி எழுதப்பட்டதை நாங்கள் வாசிக்காமலே இருக்கிறோம்.

இசை, உளமருத்துவம், புள்ளியியல், தடயவியல், கணினி ஆகிய துறைகளில் எம் மக்களைத் தொட்ட சில ஆய்வுகளை இக்கட்டுரை அறிமுகம் செய்கிறது. ஒவ்வொரு துறையும் எதைச் சொல்ல வல்லது, எதைச் சொல்ல முடியாது என்பதைத் தெரிந்துகொண்டால், அடுத்த முறை படலையைத் திறப்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பாட்டும் இசையும்

கலியாண வீட்டிலும் சுற்றுலா பஸ்ஸிலும் பாடும் பைலாவில் ஆய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பைலா போர்த்துக்கேயர் காலத்தில் வந்த ஆபிரிக்க, ஐரோப்பிய இசை மரபுகளிலிருந்து பிறந்தது. பறங்கியர் வழியாகச் சிங்களப் பாட்டாகவும், நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' வழியாகத் தமிழ்ப் பொப் பாட்டாகவும் ஆனது. மானிடவியலாளர் ஆன் ஷீரன் பைலாவை மையமாக வைத்து 1997இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வைச் செய்தார். "தூய" தேசிய இசை எது என்ற வாதம் நடந்த நாட்டில், கலப்பில் பிறந்த ஓர் இசைக்கு என்ன இடம் கிடைத்தது என்பது அவருடைய கேள்வி.

மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் சமூகம் இன்றும் தன் கலப்பு மொழியில் பாடுகிறது. கே. டேவிட் ஜாக்சன் அவர்களுடைய வாய்மொழிப் பாடல்களை ஆராய்ந்து 1990இல் நூலாக்கினார். இயன் சிமித் 1970களிலேயே மட்டக்களப்பில் அம்மொழியை ஆராய்ந்து, நூற்றாண்டுகளாகத் தமிழோடு பழகி அது எப்படி மாறியது என்று காட்டினார். அண்மைக் காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோ தலைமையில் ஒலி, ஒளிப் பதிவுகள் எடுக்கப்பட்டு, அழியும் மொழிகளுக்கான எண்ணிம ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டுள்ளன. சிறிய சமூகம் ஒன்றின் பாட்டு இவ்வாறு பேணப்பட்டிருக்கிறது.

ஜிம் சைக்ஸ் எழுதி 2018இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்ட நூல், போருக்குப் பிந்திய இலங்கையின் இசையைப் பற்றியது. இசையை ஓர் இனத்தின் சொத்தாக மட்டும் பார்க்கும் பழக்கம், சமூகங்களுக்கிடையே நடந்த கொடுக்கல் வாங்கலை மறைத்துவிடுகிறது என்பது அவர் வாதம். இதை ஏற்பதும் மறுப்பதும் வாசிப்பவர் உரிமை. ஆனால் மறுப்பதற்கும் சான்று வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியும் ஒலிநாடாவும் கேட்ட தலைமுறை இது. அந்த நாடாக்கள் இன்று பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. காந்த நாடா காலத்தோடு கெடும். யார் பாடியது, யார் வாசித்தது, எங்கே பதிவானது என்ற விபரம் அதைவிட விரைவில், அறிந்தவர்களோடு சேர்ந்து போய்விடும்.

மனமும் மருத்துவமும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போரின் உளப் பாதிப்புப் பற்றிய தன் நூலை 1998இல் வெளியிட்டார். 2007இல் வெளிவந்த கட்டுரையில் "கூட்டு மனவடு" என்ற கருத்தை வடபகுதி அனுபவத்தை வைத்து விளக்கினார். மேற்கத்தைய உளமருத்துவம் தனி ஒருவரின் நோயைப் பார்க்கிறது. குடும்பமும் ஊரும் கோயிலும் உறவும் சேர்ந்து குலைந்த இடத்தில், தனியாளுக்கு மட்டும் மருந்து கொடுப்பது போதாது என்று அவர் எழுதினார். அந்த வாழ்க்கைக்குள் இருந்து பார்த்தவர் சொன்ன கருத்து என்பதால் அதற்குத் தனி எடை உண்டு.

மற்றொன்று, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஆய்வு. 2009இன் நடுப்பகுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்ட வீட்டுக் கணக்கெடுப்பு அது. அதிர்ச்சிக்குப் பிந்திய மனவழுத்தத்தின் அறிகுறிகள் 7 வீதமானோரிடமும், பதகளிப்பு 32.6 வீதமானோரிடமும், மனச்சோர்வு 22.2 வீதமானோரிடமும் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்திருந்தவர்களிடம் இவை கூடுதலாக இருந்தன.

இதை வாசிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆய்வு நடந்தது யாழ்ப்பாண மாவட்டத்தில். இறுதிப் போர் நடந்த முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களுக்கு இந்த வீதத்தை அப்படியே பொருத்த முடியாது. "போர் பாதித்த தமிழர்களில் 7 வீதம்தான்" என்று யாராவது எழுதினால் அது ஆய்வு சொன்னதல்ல.

எண்ணும் பட்டியலும்

காணாமல் ஆக்கப்பட்டோர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு எந்தத் தனிப் பட்டியலும் முழு விடை தருவதில்லை. சில குடும்பங்களில் முறையிட ஒருவரும் மிஞ்சவில்லை. பயத்தால் பேசாமல் இருப்போரும் உண்டு. பதியப்படாதவர்களையும் கணிக்கப் புள்ளியியலில் ஒரு வழி இருக்கிறது.

அதை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஓர் அமைப்பின் பட்டியலில் 100 பெயர்கள். தொடர்பில்லாத இன்னோர் அமைப்பின் பட்டியலில் 80 பெயர்கள். இரண்டிலும் உள்ளவர்கள் 40 பேர். இரண்டாம் பட்டியலின் 80 பேரில் 40 பேரைத்தான், அதாவது பாதிப் பேரைத்தான் முதற் பட்டியல் பிடித்திருக்கிறது. ஆகவே முதற் பட்டியல் மொத்தத்தில் பாதி என்று கொண்டால், மொத்தம் சுமார் 200. பெயர் வந்தவர்கள் 140 பேர். எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் 60 பேரளவில் இருப்பர். பட்டியல்கள் ஒன்றிலொன்று தங்கியிருந்தால் கணக்குப் பிழைக்கும் என்பதால், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பட்டியல்களை வைத்தே ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

பெருவின் உண்மை ஆணைக்குழு 2003இல் இம்முறையால் அந்நாட்டு உள்நாட்டுப் போரில் இறந்தோர், காணாமற்போனோர் தொகையை 69,280 என மதிப்பிட்டது. சாட்சியங்களில் பெயரோடு பதிவானவர்கள் அதில் பாதியும் இல்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையினர் கெச்சுவா பேசும் மலைவாழ் மக்கள். தலைநகரத்துக்கு அவர்கள் இழப்பின் அளவு அதுவரை தெரிந்திருக்கவில்லை.

இதே முறையை மனித உரிமைகள் தரவுப் பகுப்பாய்வுக் குழுவின் பற்றிக் போல், இலங்கை தொடர்பாகப் பணியாற்றும் உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேச செயற்திட்டத்தோடு சேர்ந்து, 2009 மே 17 முதல் 19 வரையான மூன்று நாட்களுக்குப் பயன்படுத்தினார். இறுதியில் இராணுவத்திடம் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டவர்கள் சுமார் 500 பேர் என 2018இல் வெளிவந்த அந்த ஆய்வு மதிப்பிட்டது. முழுப் போருக்குமான எண் அல்ல இது. மூன்று நாட்களுக்கு, ஒரு வகைச் சம்பவத்துக்கு மட்டும் உரியது.

இங்கே வீட்டிலுள்ளவர்களின் பங்கு பெரியது. ஒரே மகனின் பெயர் ஒரு பட்டியலில் "சிவகுமார்" என்றும், மற்றொன்றில் ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டலோடும், இன்னொன்றில் தந்தை பெயரை முன்வைத்தும் இருந்தால், கணினி அவரை மூன்று பேராக எடுத்துக்கொள்ளும். பொதுப் பெயர்கள் குறைந்துபோக, மதிப்பீடு பொய்யாகக் கூடிவிடும். அந்த ஒரு பிழையைக் காட்டியே முழுக் கணக்கையும் தள்ளிவிட ஆட்கள் இருப்பார்கள். பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், இறுதியாகக் கண்ட இடம் ஆகியவை ஒவ்வொரு பதிவிலும் ஒரே மாதிரி இருப்பது அதனால்தான் முக்கியம்.

வானும் மண்ணும்

2009 மே மாதத்தில் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம், பாதுகாப்பு வலயத்தின் செய்மதிப் படங்களை நாள்வாரியாக ஒப்பிட்டது. மே 6ஆம் திகதி இருந்த தற்காலிகக் கூடாரங்கள் பல, 10ஆம் திகதிப் படத்தில் இல்லை. எறிகணைக் குழிகளை ஒத்த தடங்களும் தெரிந்தன. ஊடகவியலாளர்கள் உள்ளே விடப்படாத நாட்களில் கிடைத்த சான்று இது. கூடாரத்துக்குள் யார் இருந்தார்கள் என்பதைச் செய்மதி சொல்லாது. அதை அங்கிருந்து வந்தவர்கள்தான் சொல்ல முடியும்.

மண்ணைத் தோண்டும் ஆய்வுக்கும் எல்லை உண்டு. மன்னார் சதொச வளாகத்தில் 2018இல் தொடங்கிய அகழ்வில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றிலிருந்து ஆறு மாதிரிகள் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. 2019 மார்ச்சில் வந்த கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு முடிவு, அவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்றது. அறிக்கை பேசுவது அந்த ஆறு மாதிரிகளின் காலத்தைப் பற்றி. அவர்கள் யார், எப்படி இறந்தார்கள், மற்ற எலும்புகள் எக்காலத்தவை என்பதற்கு மண்படை, கூடக் கிடந்த பொருட்கள், எலும்பிலுள்ள காயங்கள் எல்லாம் சேர்த்து ஆராயப்பட வேண்டும். அதனாலேயே உறவுகளும் சட்டத்தரணிகளும் அந்த முடிவோடு நிற்க மறுத்தார்கள்.

2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில், தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ தலைமையில் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. பொருட்களை மக்கள் பார்க்க வைத்ததும் ஆய்வின் ஒரு பகுதியே. ஒரு செருப்பையோ பையையோ தாய் ஒருவர் இனங்காண்பது மரபணுச் சோதனைக்கு வழி காட்டும். அடையாளத்தை உறுதிசெய்ய உறவினரின் மாதிரியோடு ஒப்பிட வேண்டும். வயதான பெற்றோர் ஒவ்வொருவராக மறைந்துவரும் நிலையில், இதில் தாமதம் ஒரு பெரும் இழப்பு.

கணினியும் எழுத்தும்

1981 ஜூன் 1 விடிகையில் எரிந்துகொண்டிருந்த யாழ் பொது நூலகத்தில் 97,000 அளவிலான நூல்களும் ஓலைச்சுவடிகளும் இருந்தன. ஒரே இடத்தில், ஒரே பிரதியாக இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அந்த நெருப்பு கற்பித்தது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் வருடி இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. இன்று எங்களைப் பற்றி ஆராயும் வெளிநாட்டு மாணவரும் அங்கேதான் தேடுகிறார்.

ஆனால் படமாக வருடிய பக்கத்தில் சொல்லைத் தேட முடியாது. கணினியில் தட்டிய பழைய கோப்புகளிலும் இதே சிக்கல் உண்டு. நாம் நீண்டகாலம் பயன்படுத்திய பாமினி எழுத்துருவில் "அம்மா" என்று தட்டினால், கணினி அதை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகளாகவே வைத்திருக்கும். திரையில் தமிழாகத் தெரிவது எழுத்துருவின் உதவியால். எழுத்துரு இல்லாத கணினியில் அது புரியாத கோலமாகும். ஒருங்குறிக்கு மாற்றினால்தான் அந்தக் கோப்பைத் தேடவும், பட்டியல்களை ஒப்பிடவும் முடியும். இடப்பெயர்வுக் கால நலன்புரி நிலையப் பதிவுகள், சங்கங்களின் பட்டியல்கள், இறந்தோர் நினைவு மலர்கள் பலவும் இன்னும் பழைய எழுத்துருவில், பழைய இறுவட்டுகளில் கிடக்கின்றன. மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு.

படலையில் ஆய்வாளர் நிற்கும்போது

மனிதரை வைத்து நடக்கும் ஆய்வுக்கு உலகெங்கும் ஒத்துக்கொண்ட நெறிகள் உள்ளன. அவற்றின்படி நீங்கள் கேட்கக்கூடியவை:

- எந்தப் பல்கலைக்கழகம், யார் பணம், எந்த நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது?
- என் பெயரும் ஊரும் வெளிவருமா? ஒலிப்பதிவு எங்கே, யார் பொறுப்பில் இருக்கும்?
- பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாமா? பின்னர் விலகலாமா? இரண்டுக்கும் "ஆம்" என்பதே சரியான பதில்.
- முடிவைத் தமிழில் எப்போது, எப்படித் தருவீர்கள்?

கையொப்பம் இடும் தாள் தமிழில் இருக்க வேண்டும். அதன் பிரதி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். மறுத்தால் வீட்டுத்திட்டமோ உதவியோ நின்றுவிடும் என்று யாராவது குறிப்புணர்த்தினால், அது ஆய்வு நெறிக்கு மாறானது.

வீட்டில் செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவரின் முழுப் பெயரைத் தமிழிலும், அடையாள அட்டையில் உள்ளபடி ஆங்கிலத்திலும் எழுதி, பிறந்த திகதி, இலக்கம், இறுதியாகக் கண்ட நாள், இடம், கண்ட சாட்சி, இதுவரை முறையிட்ட இடங்கள், பதிவு இலக்கங்கள் ஆகியவற்றை ஒரே தாளில் சேருங்கள். படத்தின் பின்புறத்தில் பெயரும் ஆண்டும் குறியுங்கள். எல்லாவற்றையும் படமெடுத்து, இன்னொரு ஊரிலோ நாட்டிலோ உள்ள உறவினர் ஒருவரிடமும் ஒரு பிரதியைக் கொடுத்து வையுங்கள்.