பட்டறை வரைபடம்

பட்டறை வரைபடம்: கட்டடத்தின் ஓர் உறுப்பைப் பட்டறையில் செய்யவோ களத்தில் பொருத்தவோ தேவையான அளவுகளை முழு விவரத்துடன் தரும் வரைபடம். கட்டுமானக் களங்களில் ‘ஷாப் டிராயிங்’ எனப்படும். இரும்புச் சட்டங்கள், கம்பி வளைப்பு, சன்னல், குளிர்சாதனக் குழாய், மின்தூக்கி போன்றவற்றுக்கு இது தயாரிக்கப்படுகிறது.

தயாரிப்பும் ஒப்புதலும்: வடிவமைப்பாளரின் வரைபடம் என்ன வேண்டும் என்று சொல்லும், பட்டறை வரைபடம் அதை எப்படிச் செய்வது என்று சொல்லும். ஒப்பந்ததாரரோ உற்பத்தியாளரோ இதை வரைவார். களத்தில் எடுத்த அளவு, துளையின் இடம், பற்றவைப்பின் பருமன், உறுப்பின் அடையாள எண் ஆகியவை இதில் இருக்கும். பொறியாளர் சரிபார்த்து ஒப்புதல் தந்த பிறகே வேலை தொடங்க வேண்டும்.

தமிழகத்தில்: கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை (திறப்பு: 1.1.2000) இம்முறையின் தேவையை உணர்த்தும். கணபதி ஸ்தபதி வடிவமைத்த இச்சிலை, 38 அடி பீடத்துடன் சேர்த்து 133 அடி உயரமுடையது. கரையிலுள்ள சிற்பக் கூடங்களில் செதுக்கிய கற்களைக் கடற்பாறைக்குக் கொண்டுசென்று அடுக்கினர். இத்தகைய பணியில் ஒரு கல்லின் அளவு பிசகினாலும் அடுத்த கல் பொருந்தாது.

பிழையின் விளைவு: 17.7.1981 அன்று அமெரிக்காவின் கான்சஸ் நகர ஹயாத் ரீஜென்சி விடுதியில் தொங்கு நடைபாதைகள் இடிந்து 114 பேர் இறந்தனர். இரு நடைபாதைகளையும் தாங்கவேண்டிய ஒற்றைத் தொங்குகம்பி, பட்டறை வரைபடத்தில் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இதனால் மேல் நடைபாதையின் இணைப்பில் சுமை இரட்டிப்பானது. அம்மாற்றத்தைக் கணக்கிட்டுப் பாராமலே ஒப்புதல் தரப்பட்டிருந்தது.