சுவரில் மாட்டிய கடல்



அலுவலகங்களிலும் விடுதிகளிலும் வீட்டு விறாந்தைகளிலும் கடற்கரைப் படமொன்று தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். நீலக்கடல், வெண்மணல், சாய்ந்த தென்னை. மனிதர் பெரும்பாலும் இரார். கடல் எப்படிச் சுவருக்கு வந்தது, வரும்போது மனிதரை ஏன் விட்டுவிட்டு வந்தது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம்.

முதலில் நினைவுக்கு வருபவர் பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லு கிரே. ஓவியம் பயின்று புகைப்படத்துக்கு வந்தவர். 1856, 1857ஆம் ஆண்டுகளில் நோர்மண்டிக் கரையிலும் மத்தியதரைக் கடலோரமான செத் நகரிலும் அலைகளைப் படம்பிடித்தார். அக்காலக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மீறி ஏற்றன. கடல் சரியாக விழுந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். எனவே அவர் கடலை ஒரு தகட்டிலும் முகிலை இன்னொரு தகட்டிலும் எடுத்து, அடிவானக் கோட்டில் இரண்டையும் இணைத்து அச்சிட்டார். புகழ்பெற்ற அந்தக் கடற்காட்சிகளிற் சில, ஒருபோதும் ஒன்றாயிராத கடலும் வானமுமே! கடன்தொல்லையால் பாரிஸை விட்டகன்ற அவர் 1884இல் கெய்ரோவில் காலமானார். அவரது ‘பேரலை’ப் படத்தின் பிரதியொன்று 1999இல் லண்டனில் 5 இலட்சம் பவுணுக்கு மேல் ஏலம் போயிற்று.

இங்கிலாந்தில் கதை வேறு. 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. புகையிரதம் தொழிலாளரைக் கடற்கரைக்குக் கொண்டுசேர்த்தது. 1880களில் கிரேட் ஈஸ்டர்ன் புகையிரதக் கம்பனி, தனது பெட்டிகளில் ஆசனங்களுக்கு மேலே தன் பாதைவழி ஊர்களின் புகைப்படங்களைச் சட்டமிட்டுப் பொருத்தியது. எதிரே அமர்ந்த பயணிக்கு அடுத்த விடுமுறையை நினைவூட்டும் சுவர்ப்படம் அது. அழகும் விளம்பரமும் அங்கே கைகோத்துக்கொண்டன.

1938இல் சம்பளத்துடன் கூடிய விடுமுறைச் சட்டம் நிறைவேறிற்று. பட்லின்ஸ் விடுமுறை முகாம்கள் பெருகின. அவற்றுக்கு வண்ணத் தபாலட்டைகள் தயாரித்தவர் ஜோன் ஹைன்ட். வானத்தை மேலும் நீலமாக்குவார்; காட்சியில் அசிங்கமான எதுவும் தெரிந்தால் பூங்கொத்துள்ள கிளையொன்றை வெட்டிவந்து அதன்முன் நிறுத்துவார். தபாலட்டையாகப் பிறந்த இப்படங்கள் 1993இல் டப்ளின் நவீன கலைக்கூடத்தின் சுவரேறின.

அதே பட்லின்ஸ் முகாமொன்றில் 1970களின் தொடக்கத்தில் படமெடுக்கும் வேலை பார்த்த இளைஞர் மார்ட்டின் பார். அங்கே ஹைன்டின் அட்டைகளைக் கண்டு வண்ணத்தின் வலிமையை உணர்ந்தார். ஆனால் 1983 முதல் 1985 வரை லிவர்பூலுக்கு எதிர்க்கரையான நியூ பிரைட்டனில் அவர் எடுத்த படங்களில் பூங்கிளை இல்லை. நிரம்பி வழியும் குப்பைத்தொட்டி, அழும் குழந்தை, ஐஸ்கிரீம் வாங்க முண்டியடிக்கும் சிறுவர், சீமெந்துத் தரையில் வெயில் காயும் தாய். 1986இல் ‘கடைசிப் புகலிடம்’ என்று பொருள்படும் தலைப்பில் அவை நூலாகின. ஏழைத் தொழிலாளரை எள்ளி நகையாடுகிறார் என்று கண்டனம் எழுந்தது. அக்கண்டனம் லிவர்பூலைவிட லண்டனிலேயே உரத்து ஒலித்தது என்பது கவனிக்கத்தக்கது. தம்மைத் தாமே கண்டவர்கள் அதிகம் கோபிக்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தவர்களே கோபித்தார்கள்.

இவ்விரு வழிகளில் எது சரி? அந்தத் தாய் தன் படத்தை வீட்டுச்சுவரில் மாட்டச் சம்மதித்திருப்பாளா என்ற கேள்வி என்னை உறுத்துகிறது. ஆயினும் ஆளில்லாக் கடல் அதைவிடப் பெரிய அநியாயம் செய்கிறதென்றே கருதுகிறேன். வலை இழுப்பவனையும் கருவாடு காயவைப்பவளையும் நீக்கிவிட்டால், கரை யாருக்கும் சொந்தமில்லாத வெற்றுநிலமாகத் தோன்றும். அப்படித் தோன்றும் நிலத்தை எவரும் வந்து கேட்கலாம். கரையோர மக்களான நமக்கு இது வெறும் கலைப்பிரச்சினையல்ல.

அடுத்தமுறை ஒரு கடற்படத்தின்முன் நிற்கும்போது, அலையின் அழகை இரசியுங்கள். சட்டத்துக்கு வெளியே நிற்பவர் யாரென்றும் கேளுங்கள்.