துரியா ஆற்று நீர் மன்றம்

ஓர் ஆற்றின் நீரைப் பலர் பகிர்ந்துகொள்ளுமிடத்து, நீர் மிகுந்த காலத்திற் பூசல் எழுவது அரிது. ஆறு மெலிந்து மணல் தோன்றும்போதுதான் மேல்மடை, கீழ்மடை என்னும் வேற்றுமை வெளிப்படுகின்றது. மேல்மடையிலுள்ளவன் தன் மதகை அடையாதுவிடின் கீழ்மடையிலுள்ளவன் பயிர் கருகும். இவ்விடர்ப்பாட்டைப் பல நூற்றாண்டுகளாக முறையால் எதிர்கொண்ட ஒரு மக்கட்கூட்டத்தின் வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

ஸ்பெயின் நாட்டின் கீழைக்கரையில், மத்தியதரைக் கடலை அடுத்துள்ளது வலென்சியா நகர். அதனைச் சூழ்ந்த சமவெளியிற் கோடை மழை மிகக் குறைவு. ஆதலின் அங்குள்ள பயிர்களுக்குத் துரியா ஆற்றின் நீரே உயிராகும். ஆற்றின் இரு கரைகளிலுமிருந்து எட்டுப் பெருவாய்க்கால்கள் பிரிந்து அந்நீரை வயல்களுக்குக் கொண்டுசென்றன. வாய்க்காலுக்கு அந்நாட்டார் வழங்கும் 'அசேக்கியா' என்னுஞ் சொல் அரபு மொழியினின்றும் பிறந்தது. இப்பாசனத்தின் வளர்ச்சியில் முஸ்லிம் ஆட்சிக்காலத்து மக்களுக்கிருந்த பங்கினை அச்சொல்லே உணர்த்தும். நீர் மன்றம் கி. பி. 960இல் தோன்றியதென்பது வழிவழி வந்த செய்தி. 1238இல் நகரைக் கைப்பற்றிய அரகன் மன்னன் முதலாம் ஜேம்ஸ், 1239இல் வாய்க்கால்களைக் குடிகளுக்கு வழங்கி, பண்டை வழக்கப்படியே நீரைப் பயன்படுத்துமாறு பணித்தான் என்பதோ சாசனம் கூறும் உண்மை. வென்றவன் நிலத்தைத் தன்னவர்க்குப் பங்கிட்டான். நீர் வழக்கினை மாற்றத் துணிந்தானல்லன்.

அவ்வழக்கின் அடிப்படை யாது? ஒவ்வொரு வாய்க்காலுக்கும் உரியது இத்தனை அளவு நீர் என வரையறுக்கப்படவில்லை. ஆற்றில் வரும் நீரில் இத்தனை பங்கு என்றே வகுக்கப்பட்டது. எனவே ஆறு பெருகினால் எல்லோர் பங்கும் பெருகும். ஆறு சுருங்கினால் எல்லோர் பங்கும் சுருங்கும். ஊதியத்தைப் போன்றே இழப்பும் பொதுவாயிற்று. இயல்பான காலத்திற் கமக்காரன் தன் முறை வரும்போது வேண்டிய அளவு நீரைப் பாய்ச்சலாம். வீணாக்குதல் மட்டுமே குற்றம். வறட்சி முற்றியபோது நீர் பாய்ச்சும் நேரம் குறைக்கப்பட்டது; நீரின்றி அழியும் நிலையிலுள்ள பயிர்களுக்கு முதலிடம் அளிக்கப்பட்டது.

இவ்விதிகளைக் காப்பது நீர் மன்றம். வியாழக்கிழமைதோறும் நண்பகலிற் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாயிலில், திறந்த வெளியில், அது கூடுகின்றது. நீதிபதிகள் சட்டம் பயின்றோரல்லர். வாய்க்காலின் நீரைப் பயன்படுத்துவோர் தம்முள் தேர்ந்தெடுத்த கமக்காரரே. வழக்கறிஞர் இல்லை, வழக்கு வாய்மொழியாகவே நடைபெறும், தீர்ப்பு உடனே கூறப்படும், மேன்முறையீடும் இல்லை. வலக்கரை வாய்க்காலைச் சேர்ந்தவன் குற்றஞ் சாட்டப்படின் இடக்கரையார் தீர்ப்பளிப்பர். இடக்கரையான் எனின் வலக்கரையார் அளிப்பர். நீரைத் திருடியவனுக்குக் குற்றப்பணம் விதிக்கும் நீதிபதியும் அதே வறட்சியில் வாடும் வயலுக்கு உரியவன் என்பதை நாம் மறத்தலாகாது. அத்தீர்ப்பு மதிக்கப்படுதற்கு அதுவே பெருங்காரணமாகும்.

இனி, இம்மன்றத்தின் எல்லையையும் கூறுதல் வேண்டும். அதன் அதிகாரம் சமவெளி வாய்க்கால்களுக்குள் அடங்கியது. ஆற்றின் மேற்பகுதியிலிருந்த ஊர்கள் அதற்குக் கட்டுப்பட்டனவல்ல. அவ்வூர்களுக்கும் சமவெளியாருக்குமிடையே அரச ஆணையே வேண்டியதாயிற்று. 1321இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னன், நீர் பற்றாத காலத்தில் மேலூரார் நான்கு நாளும் சமவெளியார் நான்கு நாளும் மாறி மாறி நீரைக் கொள்ளுமாறு விதித்தான். ஒருவரையொருவர் அறிந்த அயலாரிடையே பழக்கமும் நாணமும் செய்யும் காவலை, தொலைவிலுள்ளோரிடையே எழுதப்பட்ட ஒப்பந்தமும் இருவர்க்கும் மேலான அதிகாரமுமே செய்யவல்லன என்பது இதனாற் பெறப்படும்.

பிற்காலத்தில் மாற்றங்கள் பல நிகழ்ந்தன. இருபதாம் நூற்றாண்டில் எழுந்த பெனகேபர் நீர்த்தேக்கம் கோடை நீர்த்தட்டுப்பாட்டைத் தணித்தது. 1957ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின் பின் ஆறே நகரின் தெற்குப்புறமாகத் திருப்பப்பட்டது. நகரம் விரிய வயல்கள் சுருங்கின. எனினும் 1978ஆம் ஆண்டு ஸ்பானிய அரசியலமைப்பு வழக்காற்று மன்றங்களுக்கு இடமளித்தது; 2009இல் யுனெஸ்கோ நிறுவனம் இம்மன்றத்தை மனிதகுலத்தின் மரபுரிமைகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

வலென்சியக் கமக்காரர் பிறரினும் மிக்க நற்குணமுடையோராயிருந்தனர் எனக் கொள்ள வேண்டியதில்லை. நீரைத் திருடுவோர் அவருள்ளும் இருந்தமையாலன்றோ மன்றம் வேண்டியதாயிற்று! அவர் செய்த அரிய செயல், வறட்சிக்குரிய விதியை வறட்சி வருமுன்னரே வகுத்துக்கொண்டமையே. ஆறு வற்றிய பின் பங்கு பேசத் தொடங்குவோர், உண்மையில் ஒருவர் வாயினின்றும் மற்றொருவர் உணவைப் பறிப்பது பற்றியே பேசுகின்றனர். ஆறு நிறைந்தோடும் நாளிற் பேசுவோரோ, நாளை தாம் எக்கரையில் நின்று தவிப்போம் என்பதை அறியாராய், இருகரைக்கும் நடுநின்று பேசுவர்.