பிலிம் கழுவும் கலையின் வரலாறு

கைப்பேசியில் எடுத்த படத்தை அக்கணமே காணும் காலம் இது. ஆயின் ஒரு படத்தைக் காண நாட்கணக்கில் காத்திருந்த காலமும் ஒன்று இருந்தது. ஒளி வரைந்த உருவைக் கண்ணுக்குப் புலனாக்குவது ஒரு பணி. அதனை அழியாது நிலைநிறுத்துவது மற்றொரு பணி. இவ்விரண்டும் சேர்ந்ததே பிலிம் கழுவுதல் என்னும் கலை.

நிலைநிறுத்தும் வழியே முதலில் கிட்டியது. 1819ஆம் ஆண்டில் ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அறிஞர், ஹைப்போ கலந்த நீர் வெள்ளி உப்புகளைக் கரைக்கும் எனக் கண்டார். இருபது ஆண்டுகள் கழித்து, 1839இல், படத்தில் ஒளி படாது எஞ்சிய வெள்ளி உப்பை நீக்க அதுவே பயன்பட்டது. 1840இல் ஃபாக்ஸ் டால்பாட் என்பார் மற்றோர் உண்மையைக் கண்டார். சிறிது நேரமே ஒளி பட்ட காகிதத்தில் உருவம் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் அது மறைந்து நிற்கும். தக்க கரைசலைத் தடவினால் வெளிப்படும். காகிதத்திற்குப் பின் கண்ணாடித் தகடும், 1889இல் ஈஸ்ட்மனின் செல்லுலாய்டுச் சுருளும் வந்தன. பொருள் மாறியதேயன்றி அடிப்படை முறை மாறவில்லை.

முழு இருளில் சுருளைத் தொட்டியில் இட்டு, முதலில் டெவலப்பர், பின்னர் அசெட்டிக் அமில நீர், அதன்பின் ஹைப்போ, இறுதியில் ஓடும் நீர் என முறையாகக் கழுவுதல் வேண்டும். டெவலப்பரின் வெப்பம் 68 டிகிரி பாரன்ஹீட் அளவில் நிற்றல் நன்று. நம் நாட்டுக் கோடையில் குழாய் நீரே கொதிப்பதால், தொட்டியைச் சுற்றிப் பனிக்கட்டி இடுவர். இல்லையேல் பிலிமின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு இளகிக் கெடும்.

பனிக்கட்டி எளிதில் கிடைக்காத அந்நாளிலேயே இக்கலை தமிழகம் புகுந்தது. கம்பெனிப் படையின் அலுவலரான லின்னேயஸ் டிரைப் 1856இல் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக நியமனம் பெற்றார். 1858இல் திருச்சி, மதுரை, தஞ்சை முதலிய ஊர்களுக்குச் சென்று கோயில்களைப் படமாக்கினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்தார். அதன் நீளம் 19 அடிக்கு மேற்பட்டது! இராசராச சோழனின் அக்கோயிற் கல்வெட்டுகள் நூலாக அச்சேறியதோ முப்பது ஆண்டுகளுக்கும் பின்னரே. 1859இல் ஆளுநராக வந்த டிரெவிலியன், செலவு மிகுதி எனக் கருதி டிரைப்பின் பணியை நிறுத்திவிட்டார். பணி நின்றது, படங்கள் இன்றும் வாழ்கின்றன.

காரணம் யாது? ஹைப்போ எஞ்சிய படம் நாளடைவில் மஞ்சளித்து மங்கும். செவ்வனே கழுவிய படம் நூறாண்டு கடந்தும் நிற்கும். பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நம்மிடம் முன்னோரின் முகம் காட்டும் சான்றுகள் மிகச் சிலவே. ஆதலின் அன்பர்களே, பெட்டியடியிற் கிடக்கும் பழைய நெகடிவ்களைக் குப்பை என எறியாதீர். காகித உறையிலிட்டு ஈரம் படாது வையுங்கள். அதன்மேல் ஆளின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் தமிழில் எழுதுங்கள். படம் முகத்தைக் காக்கும். பெயரைக் காப்பது நம் கடன்.